குதிரைக்கு ஒரு வீடு... ஆரணியில்!

ஆரணி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டுப்புடவை. பக்கத்தில் அம்மா இருந்தால், கூடவே ஆரணி அரிசி. ரெண்டும் கரெக்ட். ஆனா இந்த வாரம் நாம் பேசப் போவது குதிரை! 'அந்த ஊர்ல குதிரைக்கு என்ன வேலை பாஸ்?' என்று கேட்பவர்கள், ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் பக்கம் டீ குடிக்கக்கூட ஒதுங்காதவர்கள் என்று அர்த்தம்.

1751 டிசம்பர். ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ், ராஜா சாகிபின் படையைத் துரத்திக்கொண்டு ஆரணிக்கு வருகிறார். கூடவே சுமார் 600 மராத்தியக் குதிரை வீரர்கள். எதிரே பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்த பெரிய படை. அந்தச் சண்டை நடந்த இடத்தின் வர்ணனையைப் படித்தால் செம இன்ட்ரஸ்டிங். கிளைவ் படைக்கு முன்னால் சொதசொதவென்று நெல் வயல், ஒரு பக்கம் பனந்தோப்பு, வயலைக் கடந்து ஊருக்குப் போக ஒரே ஒரு மேட்டுப் பாதை. குதிரைகள் மோதிக்கொண்டது தோப்புப் பக்கம். மேட்டுப் பாதையில் வந்தவர்களுக்குப் பீரங்கிக் குண்டு. முடிவில் ஜெயித்தது கிளைவ்.

முப்பத்தோரு வருஷம் கழித்து, 1782-ல், அதே ஆரணியில் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினார்கள். கூட்டிடம் குதிரைப்படை போதவில்லை. ஹைதரிடம் வேண்டிய மட்டும் இருந்தது. அதனால் கூட்டால் ஹைதரை விரட்ட முடிந்ததே தவிர, பிடிக்க முடியவில்லை. இதற்கெல்லாம் முன்னும் பின்னும் தலைமுறை தலைமுறையாக ஆரணியை ஆண்டது ஒரு மராத்திய ஜாகீர்தார் குடும்பம். ஆக, குதிரைக்கு இந்த ஊர் ஒன்றும் புதுசு இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். போன ஆவணியில் என் ரூம் மேட்டின் மாமா ஆரணிக்கு நிலம் பார்க்கக் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். மாமாவுக்குத் தொழிலே குதிரைதான். சென்னையில் கடற்கரை ரோட்டை ஒட்டி ஒரு குத்தகை இடத்தில் ஒன்பது குதிரைகள் வைத்திருக்கிறார். ரேஸில் ஓடி ரிட்டயர் ஆன மூன்று, காது நுனி ரெண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி நாலு, சின்னப் பசங்க சவாரி பழக ரெண்டு மட்டக் குதிரை. சாயங்காலம் ரைடிங் கிளாஸ், முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்பு. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இடத்துக்காரர் வில்லா கட்டப் போகிறாராம், பொங்கலுக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஒன்பது குதிரையைத் தூக்கிக்கொண்டு மேன்ஷனுக்கா போக முடியும்? புது இடம் கிடைக்காவிட்டால் விற்க வேண்டியதுதான். இளசுகளை வாங்க ஆள் உண்டு. இருபத்திரண்டு வயசான ஒரு பெண் குதிரையை யார் வாங்குவார்கள்? அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே மாமா ரேடியோ வால்யூமைக் கூட்டிவிடுவார்.

ஏன் ஆரணி? மாமியின் ஊர் அது. மாமனார் தறிக்காரர். சென்னையிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர்தான், வாரக்கடைசி கிளாஸ் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

காஞ்சிபுரம், செய்யாறு வழியாக விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். மாமனார் தெருவுக்குள் வண்டியே போகவில்லை. தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். மயில் கழுத்துக் கலரில் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள், இடுப்பு உயரத்தில், ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை. ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் குனிந்து, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிச்சுப் போடுகிறார்கள். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறார். ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலையாம். வெயில் பட்டால் இழை முறுக்கிக்கொள்ளும்.

"வாங்க மாப்ள. நெலம் பாக்க வந்தீங்களாமே? காப்பி குடிச்சிட்டுப் போவலாம்" என்று மாமனார் திண்ணையில் உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, நீயும் குதிர ஓட்டுவியா?" என்றார். கிளாஸ் கட் அடிப்பதைத் தவிர வேற எதுவும் ஓட்டத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் சொன்ன ஒரு விஷயம் அன்றைக்கு முழுக்க எனக்கு உபயோகப்பட்டது. "நாங்க ஊடு வாங்கப் போனா மொதல்ல ஊட்டப் பாக்க மாட்டோம், தெருவப் பாப்போம். பாவு நீட்ட நேரா, நீளமா இருக்கணும். அப்பால தறிக்குழி. ரெண்டடி தோண்டினா தண்ணி ஊறுதுன்னா அந்த ஊடு வேணாம். அப்பால வெளிச்சம். மேகம் மூடினாலும் இழை கண்ணுக்குத் தெரியணும். சமையக்கட்ட கடசியாதான் பாப்போம். பொம்பளைங்க திட்டத்தான் செய்வாங்க."

மாமா சிரித்தார். "குதிரைக்காரனும் அதே கேஸ்தான் மாமா. பங்களா பார்க்க மாட்டோம், மண்ணைப் பார்ப்போம்."

புரோக்கர் வந்தார். முதல் இடம் கமண்டல நாக நதிப் பக்கம். சூப்பர் சீன்! பச்சைப் பசேல் என்று வயல், வரப்பில் தென்னை, மோட்டார் போட்டால் யானைத் தும்பிக்கை மாதிரி தண்ணீர். "மூணு போகம் சார்!" என்று புரோக்கர் மார்தட்டினார். நானாக இருந்தால் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். மாமா வரப்பில் நின்று குதிகாலால் மண்ணை ஒரு அழுத்து அழுத்தினார். குழியில் தண்ணீர் ஊறியது. "அடுத்த இடம்" என்றார்.

வண்டியில் ஏறியதும் விளக்கினார். குதிரைக்கு எல்லாமே குளம்புதான். நாள் கணக்கில் ஈரத்தில் நின்றால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாறும். நொண்டுகிற குதிரை சம்பாதிக்காது, ஆனால் சாப்பிடும். களிமண் மழையில் வழுக்கும், வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் கால் மாட்டினால் முடிந்தது. சரளைக் கல் அடிக்குளம்பைக் குத்தும். வெறும் மணலில் மேயவிட்டால் புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போய் வலி வரும். மணல் கலந்த செம்மண், கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு, மழை விட்டு ரெண்டு மணி நேரத்தில் காய்கிற தரை... இதுதான் தேட வேண்டியது. மூன்று போகம் விளைகிற பூமி மாட்டுக்காரருக்குச் சொர்க்கம், குதிரைக்காரருக்கு ஆகாது. ஆரணிச் சண்டையில் குதிரைகள் தோப்புப் பக்கமே நின்றதன் ரகசியம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

ரெண்டாவது இடம் மெயின் ரோட்டை ஒட்டி. மேடு, காய்ந்த தரை, குதிரை லாரி திரும்ப வசதி. எல்லாம் ஓகே. ஆனால் கூப்பிடு தூரத்தில் ஒரு ரைஸ் மில். ஆரணியில் ரைஸ் மில் இல்லாத பக்கத்தைத் தேடுவது, எங்க ஹாஸ்டலில் கொசு இல்லாத ரூமைத் தேடுகிற மாதிரி.

"மில்லு பக்கத்துல இருந்தா நல்லதுதானே சார், தவிடு சீப்பா கிடைக்கும்" என்றார் புரோக்கர். இங்கேதான் மாமா ஒரு குட்டி லெக்சர் எடுத்தார். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. நிறையப் போட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். எலும்பு பலம் இழக்கும், முகம் வீங்கிப் பெரிசாகும். ஐரோப்பாவில் மாவு மில் முதலாளிகள் மிச்சத் தவிட்டையெல்லாம் சொந்தக் குதிரைக்கே போட்டதால் அதற்கு 'மில்லர்ஸ் டிசீஸ்' என்றே பெயர் வந்ததாம்! அதை விட மோசம் புகைபோக்கியிலிருந்து வரும் உமிச் சாம்பல். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான். நுரையீரல் போனால் குதிரை போச்சு. மில்லிலிருந்து மாமாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, உமி. லாயத்தில் கீழே பரப்ப மெத்தை மாதிரி இருக்கும். அதையும் தூசி சலித்துத்தான் போடுவாராம்.

அப்படியே வைக்கோல் பற்றியும் கேட்டேன். சுற்றிலும் நெல்லாச்சே, தீவனச் செலவு மிச்சம்தானே? இல்லையாம். மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போட்டு வைக்கோலையும் பாலாக்கிவிடும். குதிரைக்கு ஒரே ஒரு சின்ன வயிறு. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தில்லாத வைக்கோலை அள்ளிப் போட்டால் குடலில் கட்டிக்கொள்ளும். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ வரை நல்ல காய்ந்த புல். கூடவே ஓட்ஸ், கொள்ளு. தண்ணீர் சாதாரண நாளில் முப்பது, நாற்பது லிட்டர், வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் இன்னும் மேலே. ஒன்பது குதிரைக்கு, குளிப்பாட்டலையும் சேர்த்தால், தினம் ஆயிரம் லிட்டர். சாணியும் சளைத்ததில்லை, தலைக்கு இருபது கிலோ வரை! அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நிலம் வாங்கினால் ஒரே மாதத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் பஞ்சாயத்தைக் கூட்டிவிடுவார்.

நம்ம ஊர் ராஜாக்களுக்கே இந்தச் சாப்பாட்டு மேட்டர் புரிந்ததில்லை போலிருக்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கும். சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டு வளர்ப்பார்கள். லாடம் அடிக்கத் தெரிந்தவர் கிடையாது. வருஷம் முடிவதற்குள் பாதிக்கு மேல் செத்துப் போகும். மறுபடி கப்பல், மறுபடி பொற்காசு. வியாபாரிகளுக்கு ஜாலி!

அதனால்தான் தெரிந்தவர்கள் மேட்டு நிலத்துக்குப் போனார்கள். ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க வெள்ளைக்காரர்கள் 1824-ல் பண்ணை தொடங்கியது ஓசூர் பக்கம் மத்திகிரியில். வெயில் குறைச்சல், செம்மண், 1,600 ஏக்கருக்கு மேல் பரப்பு. இன்றைக்கு அது அரசு கால்நடைப் பண்ணை. ஹைதர், திப்பு காலத்துக் குதிரைப் பண்ணையான குனிகல் இருப்பதும் பெங்களூருக்கு மேற்கே மேட்டு பூமியில்தான்.

'அப்ப நேரா ஓசூர் போக வேண்டியதுதானே மாமா?' என்றேன். 'அங்க விலை கேட்டியா?' என்றார். அடங்கிவிட்டேன்.

மூன்றாவது இடம் கண்ணமங்கலம் போகிற பக்கம், ஜவ்வாது மலைத் தொடர் நீலமாகத் தெரிகிற ஒரு கிராமத்தில். அஞ்சு ஏக்கர் இருபது சென்ட் புஞ்சை. போன வருஷம் வேர்க்கடலை போட்டிருக்கிறார்கள். செம்மண், லேசான சரிவு, ரெண்டு கிணறு, ஆறு வேப்ப மரம், ஒரு பெரிய புளிய மரம். மாமா முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம். கொண்டுவந்த குடத்தில் மண்ணுக்கு மேலே தண்ணீர் ஊற்றி, அது எத்தனை நேரத்தில் உள்ளே இறங்குகிறது என்று வாட்சைப் பார்த்தார். ரெண்டு கிணற்றிலிருந்தும் தனித்தனி பாட்டிலில் தண்ணீர் பிடித்தார், உப்பு டெஸ்ட் பண்ண. பிறகு நிலத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் நடந்தார். நானும் புரோக்கரும் புளிய மர நிழலில் ஒதுங்கிவிட்டோம்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு கிளை. பிங்க் கலரில் பூ. "இது வேலி ஓரம் பூரா இருக்கு" என்றார். அரளி! கோயிலுக்குப் பறிப்போமே, அதேதான். காய்ந்த இலை கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் குதிரையின் இதயம் நின்றுவிடுமாம். ஒரு செடி விடாமல் வேரோடு பிடுங்கி, ஒரு சருகு மிச்சம் இல்லாமல் அப்புறப்படுத்த வேண்டும். ஆமணக்கும் அப்படித்தான். அடுத்தது கல் தூணில் இழுத்துக் கட்டிய முள்கம்பி. நம்ம ஊரில் நிலம் என்றாலே முள்கம்பிதான். மாடு பார்த்து ஒதுங்கும். குதிரை பயந்தால் பார்க்காது, பாயும். பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு முள்கம்பியில் பாய்ந்த குதிரையின் நெஞ்சை ஒருமுறை மாமாவே தைக்கப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அத்தனையையும் கழற்றிவிட்டு மரச் சட்டம் அடிக்க வேண்டும். நிலத்து விலைக்கு மேலே வேலிச் செலவு!

லாயம் எங்கே வரும் என்று குச்சியால் கோடு போட்டார். ஒரு குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை. நீளவாக்கு கிழக்கு மேற்காக, அப்போதுதான் உள்ளே வெயில் அடிக்காது. தகரக் கூரை கூடவே கூடாது, கூரை உயரம் பன்னிரண்டு அடிக்குக் குறையக் கூடாது. குதிரைக்காரர் தங்க ஒரு வீடு, அதன் ஜன்னலிலிருந்து லாயம் தெரிய வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்குக் குதிரை படுத்துப் புரண்டால் அந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்க ஆள் வேண்டும்.

ஏன் அப்படி? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் கட்டிக்கொண்டால் மூக்கு வழியாக டியூப் விட்டு எடுக்க வேண்டும், மணிக்கணக்கு கூடக் காத்திருக்க முடியாது. அதனால் மாமா எந்த ஊருக்கு நிலம் பார்க்கப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த டியூப்பை விடத் தெரிந்த டாக்டர் எத்தனை கிலோமீட்டர்? ஊரில் மாட்டு வைத்தியம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குதிரை கேஸ் பழகியவர்கள் வேண்டும் என்றால், 1903-ல் ஆரம்பித்த வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிதான். லாரியில் குறைந்தது மூன்றரை மணி நேரம். லாடமும் அப்படித்தான். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் மாட்டுக் குளம்பு ரெண்டாகப் பிளந்தது, அதற்கு ரெண்டு துண்டு லாடம். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, வளைந்த லாடம், வேற டெக்னிக். ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை சென்னையிலிருந்து ஆளைக் கூட்டி வர வேண்டும். இந்த ரெண்டையும் நோட்டில் எழுதி, அடியில் ரெண்டு கோடு போட்டார்.

சாயங்காலம் மாமனார் வீட்டில் பேப்பர் வேலை. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் பரப்பிவைத்துப் பார்த்தார்கள். 'குத்தகைக்கே எடுத்தா என்ன?' என்று மச்சான் கேட்டதற்கு மாமா, "கிண்டிய பார்த்தீல்ல?" என்றார். நூற்று அறுபது ஏக்கர், 1946-ல் போட்ட 99 வருஷக் குத்தகை. வாடகைப் பாக்கித் தகராறில் 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து பண்ணி சீல் வைத்து, கோர்ட் வரைக்கும் போனது. அவ்வளவு பெரிய ரேஸ் கிளப்புக்கே அந்தக் கதி. 'ஒன்பது குதிரை வச்சிருக்கிற நமக்கு?'

புலப்படத்தைக் கையில் வாங்கி மாமனார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இழை பார்த்துப் பழகிய கண் ஆச்சே. ஒரு கோட்டில் விரலை வைத்தார். "மாப்ள, ரோட்லேர்ந்து நெலத்துக்குப் போற வண்டிப் பாத எங்க?" பார்த்தால், படத்தில் பாதையே இல்லை! நாங்கள் காலையில் ஜம்மென்று வண்டியில் போனது பக்கத்துக் காட்டுக்காரரின் பட்டா நிலத்து வழியாக. அவர் மனசு வைக்கிற வரைக்கும்தான் குதிரை லாரி உள்ளே போகும். பாதைக்கு எழுதித் தருகிறாரா என்று கேட்டால், அண்ணன் தம்பி மூன்று பேர். ஒருத்தர் திருப்பூரில் இருக்கிறார், ஒருத்தரோடு மற்ற ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

மாமா அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் தண்ணீர் ரிசல்ட் வந்தது. ஒரு கிணறு நல்ல தண்ணீர், இன்னொன்று உப்பு. ஒன்று போதும் என்றார். ஐப்பசி மழை வரட்டும், ரெண்டு நாள் விடாமல் கொட்டுகிற சமயத்தில் போய் அந்தச் சரிவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கப் போகிறாராம். நல்ல வெயிலில் நிலம் காட்டுவார்கள், மழையில்தான் நிலம் பேசும் என்பது அவர் தியரி. அதற்குள் திருப்பூர்க்காரரைப் பிடிக்கும் வேலையை மாமனார் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு நெய்யக் கொடுக்கும் முதலாளி வழியாக ஏதோ தூரத்து உறவாம்.

புரோக்கர் தினம் போன் போடுகிறார். ஆற்றங்கரை வயலுக்கு விலை குறைத்துவிட்டார்களாம். மாமா போன வாரம் முள்கம்பி கழற்றும் கூலி, மரச் சட்டம், லாயத்துக்கு ஓடு என்று ஒரு எஸ்டிமேட் போட்டார். கிழவிக் குதிரைக்கும் சேர்த்து ஒன்பது அறைதான் போட்டிருக்கிறார்.